பீடி குடிக்கிறவரா? புகையிலை மெல்லுறவரா? உடம்புக்குள் நடப்பது என்ன?

திருப்பனந்தாள்:-

விடியற்காலை 5 மணிக்கெல்லாம் திருப்பனந்தாள் கடைத்தெருவில் டீக்கடைகள் களை கட்டி விடும். லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள், வயலுக்கு தண்ணி பார்க்க போகிறவர்கள் என்று கூட்டம் நிற்கும். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பீடி.

அதே நேரம் நடவு வேலைக்கு மினி வேனில் ஏறும் பெண்களை பாருங்கள். பலருடைய இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். உள்ளே வெத்தலை, சீவல், சுண்ணாம்பு டப்பா, கூடவே ஒரு துண்டு புகையிலை.

இந்த இரண்டு கூட்டத்திலும் காலம் காலமாக மூன்று பேச்சு உண்டு.

"பீடி குடிச்சா உடம்பு போடாது" என்பது ஒன்று.

"நான் பீடி, சிகரெட்டை தொடுறதே இல்லை. வாயில கொஞ்சம் அடக்கிக்கிறேன், அவ்வளவுதான்" என்பது இரண்டாவது.

"பீடியை விட்டுட்டேன், இப்ப பொட்டலம் மட்டும்தான்" என்பது மூன்றாவது.

மூன்றையும் நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். ஊதினாலும் மென்றாலும் உள்ளே போவது ஒரே புகையிலைதான். ஆனால் அது உடம்பை கெடுக்கும் விதம் வேறு வேறு. சர்க்கரை, பிரஷர், வீசிங் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அது பற்றிய விவரம் வருமாறு:-

உடம்பு ஒரு அரைவை மில்

நெல்லை மில்லில் கொட்டினால் அரிசி தனியாக, தவிடு தனியாக, உமி தனியாக வருகிறது. நம் உடம்பும் அப்படித்தான். சாப்பிட்ட சோற்றை சர்க்கரையாக மாற்றுகிறது. அந்த சர்க்கரையை எரித்து சக்தி எடுக்கிறது. மிச்சத்தை கொழுப்பாக சேர்த்து வைக்கிறது. மாத்திரை, விஷம் எது வந்தாலும் கல்லீரலில் உடைத்து சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது.

இந்த வேலை முழுவதையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் 'வளர்சிதை மாற்றம்' என்கிறார்கள். புகையிலை கை வைப்பது இந்த மில்லில்தான்.

சரக்கு ஒன்று, பாதை இரண்டு

புகையிலையில் போதை தருவது நிகோடின். பீடி, சிகரெட் புகையில் வரும் நிகோடின் நுரையீரலுக்கு போய், அங்கிருந்து ரத்தத்தில் ஏறி, 10 முதல் 20 வினாடிக்குள் மூளையை எட்டி விடும். சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். 2 மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாக குறைந்து விடும். அதனால்தான் பீடி குடிக்கிறவருக்கு அடுத்த பீடியை கை தேடுகிறது.

வாயில் அடக்கும் புகையிலை அப்படி இல்லை. கன்னத்தின் உள் தோல் வழியாக மெதுவாக ஊறி ரத்தத்தில் சேரும். உச்சத்துக்கு வர சுமார் அரை மணி நேரம் ஆகும். ஆனால் வந்த பிறகு சீக்கிரம் இறங்காது. துப்பிய பிறகும் கன்னத்தில் தங்கியது உள்ளே இறங்கிக் கொண்டே இருக்கும்.

ஒரு சிகரெட்டில் இருந்து ரத்தத்தில் சேரும் நிகோடின் 1 முதல் 2 மில்லிகிராம். அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, ஒரு தடவை வாயில் அடக்கும் புகையிலையில் இருந்து சுமார் 3.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை சேர்ந்தது. ஒரு நாள் முழுக்க கூட்டிப் பார்த்தால் ஊதுகிறவர், மெல்லுகிறவர் இருவர் உடம்பிலும் நிகோடின் ஏறக்குறைய ஒரே அளவுதான். "நான் கொஞ்சம்தான் போடுறேன்" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டு போகிறது.

சுண்ணாம்பு எதற்கு?

வெத்தலையில் சுண்ணாம்பு தடவுவது காரத்துக்கும் சிவப்புக்கும் மட்டும் என்று நினைக்கிறோம். புகையிலையோடு சேரும்போது அது இன்னொரு வேலையும் செய்கிறது. சுண்ணாம்பு பட்டதும் நிகோடின் கன்னத்து தோலுக்குள் சுலபமாக நுழையும் வடிவத்துக்கு மாறி விடுகிறது. சுண்ணாம்பு கூடினால் 'கிறுகிறு'ப்பும் கூடுவது இதனால்தான்.

மென்ற சாறை விழுங்கினால் கதை வேறு. வயிற்றுக்குள் போன நிகோடின் குடலில் ஏறி நேராக கல்லீரலுக்கு போகும். பெரும்பகுதியை கல்லீரல் உடைத்து விடும். போதை குறைவு. ஆனால் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் மிச்சம்.

பசி அடங்குவது எப்படி?

"புகையிலை போட்டா மதியம் வரைக்கும் பசி தெரியாதுங்க" என்று நடவு வயலில் சொல்வார்கள். அது பொய் இல்லை. நிகோடின் மூளையில் பசியை கட்டுப்படுத்தும் இடத்தை தட்டி, வயிறு நிறைந்த மாதிரி ஒரு பொய்ச் செய்தி அனுப்ப வைக்கிறது. அதே நேரத்தில் அட்ரினலினை கிளப்பி விடுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும். சேமிப்பில் இருந்த சர்க்கரையும் கொழுப்பும் ரத்தத்தில் இறங்கும். அந்த தெம்பைத்தான் 'சுறுசுறுப்பு' என்று நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அது வெளியில் இருந்து வந்த பலம் இல்லை. சொந்த சேமிப்பில் இருந்து எடுத்த கடன்.

புகைக்கிறவர்கள் ஒல்லியாக இருப்பதற்கும் இதுதான் காரணம். சுவிட்சர்லாந்தில் 1986-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு நாளைக்கு 24 சிகரெட் குடித்தபோது, குடிக்காத நாளை விட உடம்பு சுமார் 10 சதவீதம் அதிக சக்தியை செலவழித்தது தெரிய வந்தது. ஏறக்குறைய நாலு இட்லி தரும் சக்தி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் இந்த செலவு நடக்கும்.

ஆனால் இது நல்ல ஒல்லி இல்லை. கை, கால் மெலியும். தொப்பைக்குள் குடலை சுற்றி கொழுப்பு சேரும். சர்க்கரை வியாதிக்கு வழி விடுவது அந்தக் கொழுப்புதான்.

மெல்லுகிறவர்களுக்கு பசி மந்தம் உண்டு. ஆனால் புகைக்கிறவர்களிடம் காணும் எடை குறைவு அவர்களிடம் அவ்வளவாக இல்லை. பசி அடங்கியதால் மதியச் சோறு தள்ளிப் போவது மட்டும் நடக்கிறது. குனிந்து நிமிர்ந்து நாற்று நடும் ஒரு பெண்ணுக்கு இது சத்துக்குறைவில் கொண்டு போய் விடும்.

சர்க்கரை ஏறும் விதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை வியாதி இருக்கிறது. பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேல்.

சர்க்கரையை ரத்தத்தில் இருந்து தசைக்குள் அனுப்பும் சாவி இன்சுலின். புகை அந்த சாவியை மழுங்கடிக்கிறது. புகைக்காதவர்களை விட புகைக்கிறவர்களுக்கு சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 2014-ல் சொன்னது. ஏற்கனவே இன்சுலின் ஊசி போடுகிறவர் புகைத்தால் அதிக அளவு ஊசி தேவைப்படும்.

சரி, மெல்லுகிறவர்கள்?

ஐரோப்பாவில் உள்ள சுவீடன் நாட்டில் புகையிலைத் தூளை சின்ன பையில் கட்டி உதட்டுக்குள் வைக்கும் பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. அங்கு பல ஆய்வுகளை சேர்த்து 2017-ல் கணக்கு பார்த்தார்கள். வாரத்துக்கு 5 டப்பாவும் அதற்கு மேலும் காலி செய்கிறவர்களுக்கு சர்க்கரை வியாதி வாய்ப்பு அதிகமாக இருந்தது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. அதாவது புகையே இல்லாவிட்டாலும், நாள் முழுக்க வாயில் ஊறும் நிகோடின் இன்சுலினை கெடுக்க முடியும்.

பாக்கும் சும்மா இல்லை

சுவீடன்காரர் வாயில் பாக்கு இல்லை. நம்மூரில் புகையிலையோடு சீவலும் சேருகிறது. தைவான் நாட்டில் மக்கள் பாக்கை புகையிலை சேர்க்காமல் மெல்லுகிறார்கள். அங்கு நடந்த ஆய்வுகளில் பாக்கு மெல்லுகிறவர்களுக்கு தொப்பை, சர்க்கரை, ரத்தக் கொழுப்பு அதிகம் என்று தெரிந்தது. எனவே சீவலும் புகையிலையும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் அடி.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு 2004-ல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்து விட்டது. வாய் திறக்க முடியாமல் தசை இறுகிப் போகும் நோய்க்கும் பாக்குதான் முக்கிய காரணம். 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கும்பகோணம் வெத்தலை மீது யாரும் குற்றம் சொல்லவில்லை. அதற்குள் வைத்து மடிக்கும் சரக்குதான் வில்லன்.

கல்லீரலில் ஓடும் 'எக்ஸ்ட்ரா' மிஷின்

ஊதுவதற்கும் மெல்லுவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

இலை எரியும்போது தார் உண்டாகிறது. அந்த தாரில் உள்ள ரசாயனங்கள் கல்லீரலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை தூண்டி விடுகின்றன. அரைவை மில்லில் கூடுதலாக ஒரு மிஷினை ஓட விட்ட மாதிரி. சில மருந்துகள் உள்ளே போன வேகத்தில் உடைந்து வெளியேறி விடும்.

வீசிங், இளைப்புக்கு கொடுக்கும் தியோபிலின் (மக்கள் 'டெரிபிலின்' என்று கேட்டு வாங்குவதிலும் இது உண்டு) அப்படிப்பட்ட மருந்து. பீடி குடிக்கிறவர் உடம்பில் அது சீக்கிரம் கரைந்து விடும். "மாத்திரை போட்டும் இளைப்பு நிக்கலையே" என்பார். மனநல சிகிச்சைக்கு கொடுக்கும் ஓலன்சபின், குளோசபின் மாத்திரைகளுக்கும் இதே கதிதான்.

இதைச் செய்வது நிகோடின் இல்லை, புகைதான். எனவே புகையிலை மெல்லுகிறவருக்கு இந்த மிஷின் ஓடாது.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பீடி குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், அல்லது பீடியை விட்டு பொட்டலத்துக்கு மாறினால், ஒரு வாரத்துக்குள் அந்த மிஷின் நின்று விடும். ஆனால் மாத்திரை அளவு மட்டும் பழையபடியே இருக்கும். மருந்து ரத்தத்தில் தேங்கும். படபடப்பு, வாந்தி, கை நடுக்கம், சில நேரம் வலிப்பு வரைக்கும் போகலாம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து பீடியை விட்டவர்களுக்கும் இது பொருந்தும். எனவே புகையை விட்டதும் டாக்டரிடம் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும்.

டிகிரி காபிக்கும் கணக்கு உண்டு

காபியில் உள்ள காபினையும் இதே மிஷின்தான் உடைக்கிறது. புகைக்கிறவருக்கு காபி சீக்கிரம் கரையும். அதனால்தான் சிலர் நாலு காபி குடித்தும் அசராமல் தூங்குவார்கள். புகையை நிறுத்திய பிறகும் அதே நாலு காபி குடித்தால் ரத்தத்தில் காபின் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி விடலாம். தூக்கம் வராது, எரிச்சல் வரும், நெஞ்சு படபடக்கும்.

"பீடியை விட்டதால்தான் இந்த அவஸ்தை" என்று நினைத்து மறுபடியும் கட்டு பீடியை கையில் எடுத்தவர்கள் உண்டு. பாதி அவஸ்தைக்கு காரணம் காபியாக இருக்கலாம். புகையை நிறுத்துகிற வாரத்திலேயே காபி, டீயை பாதியாக குறைத்தால் தப்பிக்கலாம்.

மூச்சுக்காற்றில் கலப்படம்

புகையில் மட்டும் வரும் இன்னொரு விஷம் கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில் இது 200 மடங்குக்கு மேல் ஆசையோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காது. மூட்டை தூக்கும்போது மூச்சு வாங்குவதற்கும், வரப்பில் நடந்தாலே கால் ஓய்வதற்கும் இது ஒரு காரணம்.

"சிகரெட்டை விட பீடி பரவாயில்லை" என்பதும் தவறு. பீடி இலையில் காற்று சுலபமாக புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். அதனால் விஷ வாயுவும் தாரும் அதிகமாகவே உள்ளே போகும்.

புகை நல்ல கொழுப்பையும் குறைக்கும். வைட்டமின் 'சி'யை தின்று தீர்க்கும். புகைக்கிறவருக்கு தினமும் 35 மில்லிகிராம் வைட்டமின் 'சி' கூடுதலாக தேவை என்று கணக்கிட்டு இருக்கிறார்கள்.

மெல்லுகிறவருக்கு கார்பன் மோனாக்சைடு இல்லை. உண்மைதான். ஆனால் நிகோடின் மணிக்கணக்கில் ரத்தத்தில் நிற்பதால் நாடித் துடிப்பும் பிரஷரும் அதோடு சேர்ந்து ஏறி நிற்கும்.

நெஞ்சுக்கு இரண்டும் எதிரி

52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2006-ல் வெளியானது. அதன்படி புகையிலையே தொடாதவர்களோடு ஒப்பிட்டால், புகைக்கிறவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் 3 மடங்கு. மெல்லுகிறவர்களுக்கு 2 மடங்குக்கு மேல். இரண்டும் செய்கிறவர்களுக்கு 4 மடங்கு.

பீடியும் குடித்து, நடுவில் பொட்டலமும் அடக்குகிறவர்கள் இந்த 4 மடங்கை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும்...

நாடு முழுவதும் 2016-17-ல் நடந்த கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம். மெல்லுவது, மூக்குப்பொடி என்று புகையில்லா புகையிலை பழக்கம் உள்ளவர்கள் 21.4 சதவீதம். அதாவது இரண்டு மடங்கு. பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம்தான். புகையில்லா புகையிலை பழக்கம் உள்ளவர்கள் 12.8 சதவீதம்.

கர்ப்பமாக இருக்கும்போதும் பலர் இதை விடுவதில்லை. மும்பையில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், புகையிலை மென்ற தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாக பிறந்தன. குறைமாத பிரசவமும் அதிகம். நிகோடின் ரத்தக்குழாயை சுருக்கி விடுவதால் பிள்ளைக்கு போக வேண்டிய சாப்பாடு குறைகிறது. அம்மாவுக்கு பசி தெரியாவிட்டாலும் பிள்ளைக்கு பசிக்கும் அல்லவா?

தடை இருக்கிறது, பொட்டலமும் இருக்கிறது

குட்கா, பான்மசாலாவுக்கு தமிழக அரசு 2013 மே மாதம் தடை போட்டது. ஒவ்வொரு ஆண்டும் அது நீட்டிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஐகோர்ட்டு தீர்ப்புக்கு சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால தடை விதித்தது குறிப்பிடத்தக்கது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உதட்டுக்குள் வைக்கும் சின்ன பை, பள்ளிக்கூட பையன்கள் கைக்கும் போய் விடுகிறது என்பதுதான் இப்போதைய கவலை. புகை வராது, நாற்றம் வராது. வீட்டில் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒன்று மட்டும் சொல்லலாம். கல்லீரல் நிகோடினை உடைக்கும்போது கோட்டினின் என்ற பொருள் உண்டாகிறது. நிகோடின் இறங்கிய பிறகும் இது நாள் கணக்கில் தங்கும். ரத்தம், சிறுநீர், எச்சில் எதை சோதித்தாலும் தெரிந்து விடும். ஊதினாரா, மென்றாரா என்று கோட்டினினுக்கு பேதம் தெரியாது. உடம்பை ஏமாற்ற முடியாது.

விட நினைப்பவர்கள் கவனத்துக்கு

* பீடிக்கு பதில் பொட்டலம், பொட்டலத்துக்கு பதில் பீடி என்று மாற வேண்டாம். கடன்காரன் மாறுவான், கடன் தீராது.

* புகையை விட்டால் ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடலாம். பயப்பட வேண்டாம். அடங்கிக் கிடந்த பசி திரும்பி வருகிறது என்று அர்த்தம். நொறுக்குத்தீனிக்கு பதில் கொய்யா, நெல்லிக்காய், மோர் என்று பார்த்துக் கொள்ளலாம்.

* சர்க்கரை நோயாளிகள் விட்ட முதல் சில வாரங்கள் அடிக்கடி சர்க்கரை அளவை பார்க்க வேண்டும். ஊசி, மாத்திரை அளவு மாறலாம். தாங்களாக குறைக்கக் கூடாது.

* தியோபிலின், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விடும் முன்பே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

* 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருபவரிடமும் உங்கள் பழக்கத்தை மறைக்காதீர்கள். "நீங்க பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லி விட்டு, புகையிலை போடுவதை சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம். அதையும் சொல்ல வேண்டும்.

* முதல் 3 நாள்தான் ரொம்ப கஷ்டம். அதை தாண்டி விட்டால் தவிப்பு கொஞ்சம் கொஞ்சமாக குறையும்.

புகையிலையை விட ஆலோசனை சொல்வதற்கு மத்திய அரசின் இலவச டெலிபோன் எண்: 1800-11-2356. காசு செலவு இல்லை.

ஊதுகிறவருக்கு நுரையீரலும் கல்லீரலும் கணக்கு எழுதுகின்றன. மெல்லுகிறவருக்கு கன்னமும் ரத்தக்குழாயும் கணக்கு எழுதுகின்றன. சர்க்கரை, மாரடைப்பு என்று பில் வரும்போது கட்ட வேண்டியது குடும்பம்தான். இன்று சாயங்காலம் கடைக்கு போகும்போது பீடிக்கட்டும் பொட்டலமும் கேட்பதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற பிள்ளைகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.